ஐந்தாவது ஏன்

சலவை ஆலையில் மழைக்காலம் வந்தால் கொஞ்சம் கொண்டாட்டம்தான். நனைந்துகொண்டு வந்தவர்கள் உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் காய்ந்துவிடலாம். மற்ற மாதங்களில் அதே சூடு ஆளைக் கொல்லும். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளும் தங்கும் விடுதிகளும் அழுக்காக்கித் தள்ளுகிற படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஈரப்பக்கம் என்று ஒரு கூடம், அங்கே துவைப்பு. காய்ந்தபக்கம் என்று இன்னொன்று, அங்கே ஆள் நீளத்துக்கு இரும்பு உருளைகள் கொதித்துக்கொண்டே சுற்றும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைகளுக்கு நடுவே விட்டால், அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். விழுவதை மடித்து அடுக்குவது அவள் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து மடிக்கிறாள். அவளுக்கு அங்கே பெயரே மடிப்புக்காரி என்று ஆகிவிட்டது.

அவள் புருஷன் காய்ந்தபக்கத்துக்கு மேஸ்திரி. புருஷனின் தம்பி சின்னவன், உருளையில் விரிப்பு விடுகிறவன். விட்டுக்கொண்டிருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். அவனுடைய வலக்கையில் மூன்று விரல்களை உருளை வாங்கிக்கொண்டுவிட்டது.

அது நடந்த விதம் ஆலையில் எல்லாருக்கும் தெரியும். உருளைக்கு முன்னால் விரல் மட்டத்தில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் உருளை சட்டென்று நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் கை மட்டுமா படுகிறது? கனத்த போர்வை பட்டாலும் நிற்கும், விரிப்பின் முனை மடங்கி இடித்தாலும் நிற்கும். நின்றுவிட்டால் மறுபடி சூடேறிச் சுற்றுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குள் ஈரப்பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து குவிந்துவிடும். மேஸ்திரி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். "கம்பியைக் கட்டித் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பான். ஆகவே, கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கமாகிப் போனது. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கட்டுவார்கள். விளக்குப் போடுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை. அன்றைக்கு முதலில் வந்தவன் சின்னவன்.

அவனுக்கு அந்த உருளை வேலையை வாங்கிக் கொடுத்தவள் மடிப்புக்காரிதான். "சும்மா வீட்ல உக்காந்திருக்கான், நல்ல பையன், சொன்னதைச் செய்வான்" என்று மேனேஜரிடம் போய் நின்று கேட்டு வாங்கினாள். சொன்னதைச் செய்தான், பாவி. அது இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறையில் சின்னவன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு நாளெல்லாம் கிடப்பான். வேலைக்குப் போகுமுன் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள், வந்ததும் சோற்றைப் பிசைந்து கரண்டியைச் செருகி முன்னால் வைப்பாள். இடது கையால் அள்ளிச் சாப்பிடுவான். பாதி தரையில் சிந்தும். சிந்தியதை அவன் பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு அவசரம்.

இனி அவன் உருளைப் பக்கம் போக முடியாது. ஆனால் அனுப்பும் மேஜை என்று ஒன்று உண்டு. வண்டியில் ஏறுகிற மூட்டைகளைப் பார்த்துச் சரிசொல்லி அனுப்புகிற வேலை. ஒரு கை போதும். அந்த இடம் காலியாக இருந்தது. மடிப்புக்காரி அதற்காக மேனேஜர் அறை வாசலில் எத்தனையோ தடவை நின்றுவிட்டாள்.

"பாக்கலாம்மா. விபத்துக்கு என்ன காரணம்னு நான் தலைமை ஆபீசுக்குப் பதில் சொல்லணும். மிஷின் கோளாறா, ஆளோட தப்பான்னு கேக்கறாங்க. ஆளோட தப்புன்னா அவனை எப்படித் திரும்ப எடுக்கறது, நீங்களே சொல்லுங்க? ஏதோ பயிற்சி வேற அனுப்பறாங்க. அது முடியட்டும், முடிவு சொல்றேன்" என்றார் மேனேஜர்.

அந்தப் பயிற்சி வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம், கையில் நாலு நிறத்தில் பேனா, மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுக்கட்டாக. வேலை நேரத்தில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதையே நம்பாமல், காய்ந்தபக்கத்துப் பெண்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சிக்காரப் பெண் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இதை வெச்சு என்னென்ன செய்யலாம்? மனசுல தோணறதையெல்லாம் சொல்லுங்க. தப்பான யோசனைன்னு ஒண்ணு கிடையாது. யாரும் யாரையும் மறுத்துப் பேசக்கூடாது. இதுதான் முதல் பாடம்."

"முகம் துடைக்கலாம்."

"சூப்பர்! அடுத்து?"

"தூளி கட்டலாம்."

"புருஷன் வாயை அடைக்கலாம்."

கூடம் சிரித்தது. பயிற்சிக்காரப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள். பின்வரிசையிலிருந்து ஈரப்பக்கத்து வண்டிக்காரன் கத்தினான். "சின்னவன் கையில சுத்தி விடலாம், மிச்ச விரலாவது பத்திரமா இருக்கும்!"

அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குச் சின்னவன் யாரென்று தெரியாது. "கட்டுப் போடலாம்" என்று அழகான எழுத்தில் எழுதிக்கொண்டாள். மடிப்புக்காரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். யாரும் யாரையும் மறுத்துப் பேசக்கூடாதாம். அவள் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாம் நாள் 'ஐந்து ஏன்' என்ற கருவி வந்தது. ஒரு கோளாறை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலைப் பார்த்து மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை தோண்டினால் அடியிலிருக்கிற வேர் கிடைத்துவிடும். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க" என்றாள் அந்தப் பெண். "கடைசிப் பதில்ல ஒரு ஆளோட பேர் வந்துச்சுன்னா, நீங்க தோண்டினது பத்தலைன்னு அர்த்தம். இன்னும் ஏன் கேக்கணும். வேர் எப்பவும் வேலை செய்யற முறையிலதான் இருக்கும், ஆளுக்குள்ள இருக்காது."

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஏதாவது கெட்டுப்போனால் 'யார்றா செஞ்சது' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த சனம் அது. பேரைச் சொல்லாமல் எப்படி முடிப்பது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. மேனேஜரும் ஓரமாக நின்று தலையாட்டினார்.

மூன்றாம் நாள் ஆளுக்கொரு கோளாறை எடுத்துப் பலகையில் செய்து காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற ஒருவர் ஆலையின் சொந்தப் பயிற்சியாளர் ஆவார் என்று அறிவித்தார்கள். இனி வேர்வை இல்லை, வெள்ளைச் சட்டை, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து வீடு முழுக்க ஏன்தான். குழாய் ஏன் சொட்டுகிறது? வாஷர் தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? முறுக்கி மூடுவதால். யார் முறுக்கி மூடுவது? "நீதான்!" செருப்பு ஏன் அறுந்தது, முட்டை ஏன் கருகியது, அவனுக்கு ஏன் தலை வலிக்கிறது என்று எங்கே தொடங்கினாலும் மூன்றாவது ஏனுக்குள் பொண்டாட்டியில் வந்து முடிந்தது. பலே கருவிதான் என்று மடிப்புக்காரி நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"டேய், நீ சொல்லு. உன் கை ஏன் போச்சு?"

"என்னங்க இது, சாப்பிடற நேரத்துல?" என்றாள் அவள்.

"பழகிப் பாக்கறேன்டி. நீ சும்மா இரு. சொல்லுடா."

சின்னவன் கரண்டியைக் கீழே வைத்தான். "உருளைக்குள்ள போச்சு."

"ஏன் உள்ள போச்சு?"

"விரிப்பு முனை மடங்கிக்கிச்சு. இழுத்துவிடலாம்னு கையை நீட்டினேன்."

"கையை நீட்டினா உருளை நிக்கணுமே, ஏன் நிக்கல?"

"கம்பி கட்டியிருந்துச்சு."

"ஏன் கட்டியிருந்துச்சு?"

"நான்தான் கட்டினேன், அண்ணே."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தடுமாறாமல், கண்ணை நிமிர்த்தாமல் சொன்னான். மேஸ்திரி தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். "அவ்வளவுதான்! நாலுலயே முடிஞ்சிடுச்சு."

"எப்படி முடியும்?" என்றாள் மடிப்புக்காரி. "கட்டச் சொன்னது நீங்கதானே? தினமும் கத்துவீங்களே."

"நான் சொன்னது ஊருக்கே சொன்னது. கட்டினது இவன் கை."

"அந்தக் கைதான் போச்சே! அப்புறம் என்ன வேணும் உங்களுக்கு?"

"விடுங்க அண்ணி" என்றான் சின்னவன். "அண்ணன் சும்மா பழகிப் பாக்குது."

பயந்துகொண்டு பேசுகிறான் என்று அவள் நினைத்தாள். சின்ன வயசிலிருந்தே அண்ணனுக்கு அடங்கி வளர்ந்தவன். அண்ணன் அவனுக்கு வாக்குக் கொடுப்பதில் மட்டும் குறை வைத்ததில்லை. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லி நாலு மழைக்காலம் போய்விட்டது. புகை மண்டுகிற சமையல் மூலைக்கு ஒரு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னது அதற்கும் முன்னால். கேட்டால், "பாக்கலாம்டா", "பாக்கலாம்டி". அந்த ஒரு சொல்லுக்கு அவன் வாயில் பஞ்சமே வந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே சவரம் செய்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள்தான் அதைத் தேய்த்துக் கொடுத்தாள். குழாய்க் கோளாறைத்தான் செய்து காட்டப் போகிறான் என்று நினைத்திருந்தாள்.

கூடத்தில் மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி பலகையில் பெரிய எழுத்தில் 'உருளை விபத்து' என்று எழுதினான்.  

"முதல் ஏன். ஏன் விபத்து? கை உள்ள போச்சு" என்று தொடங்கினான். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மஞ்சள் தாளை எச்சில்படாமல், நுனி மடங்காமல் ஒட்டினான். வீட்டில் தம்பி சொன்ன பதில்கள், அதே சொற்கள், அதே வரிசை. "நாலாவது ஏன். கம்பி ஏன் கட்டியிருந்துச்சு? விரிப்பு விடறவனே கட்டினான். என் சொந்தத் தம்பிதான், சார். தம்பின்னு பாக்கக்கூடாது, கருவி என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்லணும்." அதைச் சொல்லும்போது குரல்கூடக் கம்மியது. நாடகத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பான்.

கைதட்டினார்கள். மேனேஜர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கினது தெரிந்தது. ஆளோட தப்பு. தலைமை ஆபீசுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க" என்றாள் பயிற்சிக்காரப் பெண். "ஆனா நாலுலயே நின்னுட்டீங்க. இன்னும் ஒரு ஏன் பாக்கி இருக்கு. அதுவும் ஒரு ஆள்ல வந்து நின்னிருக்கீங்க. வேற யாராவது கேக்கறீங்களா?"

மடிப்புக்காரி எழுந்தாள். அனுப்பும் மேஜையும் அதற்குப் பின்னால் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிற சின்னவனும் மட்டுந்தான் அவள் கண்ணில் இருந்தார்கள்.

"ஏன் கட்டினான்னு நான் கேக்கறேன்" என்றாள். "மேஸ்திரி கட்டச் சொன்னாரு, அதனால கட்டினான். அவன் மட்டுமில்ல, எல்லாருந்தான் கட்டினோம். நானும் கட்டியிருக்கேன். கட்டலைன்னா கெட்ட வார்த்தையில திட்டுவாரு. இங்க இருக்கற யாரை வேணும்னாலும் கேளுங்க."

 மேஸ்திரியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெண் அவசரமாக ஒரு மஞ்சள் தாள் எடுத்து, 'மேஸ்திரி சொன்னார்' என்று எழுதி ஐந்தாவதாக ஒட்டினாள்.

மேனேஜர் எழுந்தார். "அருமை. அஞ்சு ஆச்சு. வேர் கிடைச்சிடுச்சு."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றாள் மடிப்புக்காரி. "மேஸ்திரி ஏன் சொன்னாரு? ஒரு நாளைக்கு இத்தனை விரிப்பு ஆகணும்னு நீங்கதானே..."

"அம்மா, கருவியோட பேரே அஞ்சு ஏன்தானேம்மா?" என்று மேனேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பயிற்சிக்காரப் பெண்ணைப் பார்த்தார். "என்ன மேடம்? அஞ்சுதானே?"

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். "பேர்ல வந்து நின்னா இன்னும்..." என்று தொடங்கினாள். மேனேஜர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் அவள் இதே ஆலைக்கு வர வேண்டியவள். அவர் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால்தான் வர முடியும். பேனாவை மூடினாள். "பொதுவா அஞ்சோட நிறுத்திக்கறது உண்டு, சார்" என்றாள்.

"அப்ப டீ ஆறிடப் போகுது, வாங்க" என்றார் மேனேஜர்.

எல்லாரும் எழுந்து போனார்கள். ஒருத்தராவது அவள் பக்கத்தில் வரவில்லை. நானும் கட்டினேன் என்று சொல்ல எழுந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். எழுந்தது டீக்குத்தான்.

முடிவு அன்றைக்கே வந்தது. மேஸ்திரியை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி ஈரப்பக்கத்தில் மூட்டை பிரிக்கப் போட்டார்கள். ரத்தமும் மலமும் ஒட்டின ஆஸ்பத்திரித் துணிகளைக் கையால் பிரிக்கிற வேலை. பயிற்சியாளர் நாற்காலி மேனேஜரின் அறையில் கணக்கு எழுதுகிற ஒருவனுக்குப் போயிற்று. சின்னவன் விஷயம்? "சொன்னது மேஸ்திரின்னாலும் கட்டினது அவன் கைதானேம்மா. நாலாவது தாள்ல உங்க வீட்டுக்காரரே ஒட்டியிருக்காரே" என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணு சொல்லணும், நீங்க ரொம்ப நல்லா யோசிக்கறீங்க." அவளுக்குச் 'சிறந்த சிந்தனையாளர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்து, பயிற்சிக்காரப் பெண்ணோடு நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். படம் எடுப்பவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணனும் தம்பியும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. மேஸ்திரியின் கை அரை நாள் ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தது. அடிப்பான் என்று நினைத்தாள், அடிக்கவில்லை. அவள் அடுப்பு மூட்டி, சோறு வடித்து, முட்டை பொரித்தாள்.

தட்டுகளை வைத்தாள். வழக்கம்போலச் சின்னவனின் சோற்றைப் பிசையக் கையை நீட்டினாள். அவன் இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேணாம் அண்ணி."

"ஏன் தம்பி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம்னா விடுங்க."

"என்மேல என்ன கோவம் உனக்கு? உனக்காகத்தானே எழுந்திரிச்சேன்? அத்தனை பேர் முன்னாடி, கட்டின புருஷனையே..."

"நான் கேட்டேனா?"

அவன் இதுவரை அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணன் எங்கிட்ட முன்னாடியே பேசிருச்சு, அண்ணி. பழியை நான் ஏத்துக்கறதுன்னும், அதை வெச்சு அண்ணன் பயிற்சியாளர் ஆயிடறதுன்னும் பேச்சு. ஆயிட்டா மேனேஜர் பக்கத்துலயே இருக்கும், எப்படியாவது மேஜை வேலையை வாங்கித் தந்துடறேன்னுச்சு. என் தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணுச்சு. நான்தான் சரின்னேன். கேட்டதுக்கெல்லாம் அப்படியே பதில் சொன்னேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

நீட்டிய கையை மடிப்புக்காரி மெல்ல இழுத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. சரியாத்தான் சொல்லியிருக்கு. இப்ப எனக்கும் இல்ல, அண்ணனுக்கும் இல்ல. உங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டற மாதிரி ஒரு காகிதம் கிடைச்சிருக்கு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தவனின் தோள் மெல்லத் தளர்ந்தது. பெரிய சுமை ஒன்றை யாரோ இறக்கிவைத்த மாதிரி அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் அவள். வெள்ளைச் சட்டையும் நாற்காலியும் கிடைத்திருந்தால், தம்பி வந்து கேட்கிற ஒவ்வொரு தடவையும் 'பாக்கலாம்டா' என்றிருப்பான். மேஜைக்கு வேறு ஆள் வந்து உட்கார்ந்திருப்பான். அண்ணன் வாக்கு எவ்வளவு பெறும் என்று அப்போது சின்னவனுக்கே தெரிந்திருக்கும். இனி தெரியவே தெரியாது. நிறைவேற்ற வேண்டிய அவசியம் இல்லாமலே அவன் வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. காப்பாற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

மேஸ்திரி தலையை நிமிர்த்தினான். கண் கலங்கியிருந்தது. பொய்க்கண்ணீர் என்று சொல்ல முடியாது. அதற்குள் அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

"விடுடா, அவளுக்கு என்ன தெரியும்" என்றான். "நான் உனக்கு வாங்கித் தந்திருப்பேன்டா."

"தெரியும் அண்ணே" என்றான் சின்னவன்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை இந்த வீட்டில் இனி யாரும் நம்பப் போவதில்லை. மேஸ்திரி தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். அவள் போட்டாள்.